தைலம் இயற்கைதானேன்னு முகத்தில் பூசுறீங்களா? தோல் வெந்துபோகும்... உஷார்!

வத்தலக்குண்டு:

கொடைக்கானல் பஸ்கள் நின்று போகும் ஊர் வத்தலக்குண்டு. மலையில் இருந்து இறங்கி வருபவர்களின் பையில் சாக்லேட்டோடு யூகலிப்டஸ் தைல பாட்டிலும் இருக்கும். சளிக்கும் தலைவலிக்கும் வாங்கிய தைலத்தைச் சிலர் முகப்பருவுக்கும் தடவிப் பார்க்கிறார்கள். டீ ட்ரீ ஆயில், லாவண்டர் ஆயில் பாட்டில்களும் வீட்டுக்குள் வந்துவிட்டன. "இலையில எடுத்ததுதானே, என்ன பண்ணிடப் போகுது?" என்ற நினைப்பில்தான் வில்லங்கமே.

வீரியம் அதிகம்

100 கிலோ யூகலிப்டஸ் இலையை ஆவியில் வேகவைத்தால் 1 முதல் 2 கிலோ தைலம்தான் தேறும். அத்தனை இலையின் காரமும் அதில் அடங்கியிருக்கிறது. அப்படியே தடவினால் தோல் சிவந்து, எரிந்து, கொப்புளம் கூட வரலாம்.

பலனே இல்லையா?

இருக்கிறது. 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ ஆயில் ஜெல் முகப்பருவைக் குறைத்தது. ஆனால் பலன் மெதுவாகத்தான் தெரிந்தது. கவனிக்க வேண்டியது, அது 5 சதவீதம்தான்; சுத்தமான எண்ணெய் அல்ல.

பழைய பாட்டில் ஆபத்து

லாவண்டரில் உள்ள லினலூல், எலுமிச்சைத் தோல் எண்ணெயில் உள்ள லிமோனின் ஆகியவை காற்று பட்டால் மாறி, அலர்ஜியைத் தூண்டும் பொருளாகின்றன. ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால், அடுத்தடுத்து அதே வாசனை உள்ள சோப்பு, கிரீம் பட்டாலும் அரிக்கும். ஐரோப்பாவில் 2005 முதல் இப்படிப்பட்ட 26 வாசனைப் பொருட்களின் பெயரை லேபிளில் போடுவது கட்டாயம். 2023-ல் பட்டியல் இன்னும் நீண்டது.

எலுமிச்சையும் வெயிலும்

எலுமிச்சைத் தோலை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போனால், அதில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைப் பொசுக்கும். கருந்திட்டு மறைய மாதக்கணக்கில் ஆகும்.

என்ன செய்யலாம்?

* முகத்துக்கு என்றால் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு 1 சொட்டு போதும்.

* முதலில் முழங்கையின் உள்பக்கம் தினம் 2 வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள்.

* கண், உதடு, புண் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

* எரிந்தால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். கொப்புளம் வந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

* 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் முகம், மூக்குப் பக்கம் தைலமே வேண்டாம். மூச்சுத் திணறல் வரலாம். யூகலிப்டஸ் தைலத்தைக் குடித்துவிட்டால் வலிப்பே வரும் என்பதால், பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.