மாணவருக்கு மென்டர் அனுப்பினால் கம்பெனிக்கு என்ன லாபம்?

ஊழியர் நலன் பற்றிய ஹெச்ஆர் பிரசன்டேஷன்களில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு கணக்கு உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி தன் மென்டரிங் திட்டத்தை ஆய்வு செய்தபோது கிடைத்தது. மென்டராக இருந்தவர்களுக்கு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாகப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. அவர்களிடம் வழிகாட்டுதல் பெற்றவர்களுக்கு ஐந்து மடங்கு. வேலையை விடாமல் தங்கியவர்களைப் பார்த்தால், வழிகாட்டுதல் பெற்றவர்களில் 72 சதவீதம், மென்டர்களில் 69 சதவீதம், திட்டத்துக்கு வெளியே இருந்தவர்களில் 49 சதவீதம். 2000-களின் நடுவில் வந்த எண்கள் இவை. சன் கம்பெனியே 2010-ல் ஆரக்கிள் கைக்குப் போய்விட்டது, கணக்கு மட்டும் இன்னும் ஸ்லைடு ஸ்லைடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழிகாட்ட ஊழியர்களை அனுப்பும் திட்டங்களுக்கும் இதே கணக்கைத்தான் காட்டுகிறார்கள். இதுல ரெண்டு சிக்கல் இருக்கு.

முதல் சிக்கல் சின்னது. சன் நடத்தியது கம்பெனிக்கு உள்ளேயே, சீனியர் ஒருவர் ஜூனியருக்கு வழிகாட்டும் திட்டம். அரசுப் பள்ளி பத்தாம் வகுப்பு மாணவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவதுதான் பெரியது. யார் மென்டராகப் பெயர் கொடுப்பார்கள்? ஏற்கெனவே வேலையில் ஒன்றிப்போனவர், மேனேஜரிடம் நல்ல பெயர் வாங்கியவர், அடுத்த ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குத் தாவும் எண்ணம் இல்லாதவர். காலையில் பார்க்கில் வாக்கிங் போகிறவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு "நடந்தா உடம்புக்கு நல்லது"ன்னு முடிவு கட்டுவது மாதிரிதான் இது. நடப்பது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் முழங்கால் வலிக்காரர் அன்றைக்குப் பார்க்குக்கே வரவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? பதவி உயர்வு கிடைக்கக்கூடியவர்கள்தான் மென்டராக முன்வருகிறார்கள் என்றால், அந்த ஆறு மடங்கில் எவ்வளவு மென்டரிங்கால் வந்தது, எவ்வளவு ஆளால் வந்தது என்று பிரிக்க முடியாது.

அப்படின்னா லாபமே இல்லையா? இருக்கு. கொஞ்சம் கவனமாகச் செய்த ஆய்வுகளைத் தேடிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

கிறிஸ்டியான் போடே, ஜஸ்ஜித் சிங், மிஷேல் ரோகன் மூவரும் 2015-ல் ஆர்கனைசேஷன் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை அப்படிப்பட்டது. உலகம் முழுக்க இயங்கும் ஒரு மேனேஜ்மென்ட் கன்சல்டிங் நிறுவனத்தின் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவை எடுத்துக்கொண்டார்கள். சமூக நோக்கமுள்ள திட்டங்களில் பங்கெடுத்தவர்கள் நிறுவனத்தில் அதிகம் தங்கினார்கள் என்பது அவர்கள் கண்டது. மேலே சொன்ன சிக்கலை, அதாவது யார் சேர்கிறார்கள் என்ற கேள்வியை, மனதில் வைத்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கம்பெனிக்கு இதன் மதிப்பு என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் ராஜினாமா செய்தால், புது ஆளைத் தேட வேண்டும், இன்டர்வியூ வைக்க வேண்டும், ஆஃபர் வாங்கியவர் கடைசி நாளில் வராமல் போகலாம், வந்தவருக்கும் வேலை பிடிபடச் சில மாதங்கள் ஆகும். இந்தச் செலவு எதுவும் தனியாக ஒரு பில்லில் வருவதில்லை. அதனால்தான் இதைக் குறைக்கும் திட்டத்தின் லாபமும் கண்ணில் படுவதில்லை.

"ஆபீஸ் நேரத்தை இதுல செலவழிச்சா வேலை கெடாதா?" என்பது மேனேஜர்களின் நியாயமான பயம். ஜெசிகா ரோடெல் 2013-ல் அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னலில் எழுதிய ஆய்வு நேரடியாக இதற்குப் பதில் சொல்கிறது. தன்னார்வப் பணி செய்கிறவர்கள் தங்கள் வேலையில் கூடுதலாக மூழ்கி இருந்தார்கள், வேலைக்கு இடைஞ்சல் கூடியதாகத் தெரியவில்லை. அதில் எனக்குப் பிடித்தது வேறு ஒரு முடிவு. தன் வேலையில் அர்த்தம் குறைவாக இருப்பதாக நினைப்பவர்களைத் தன்னார்வப் பணி இன்னும் பலமாக இழுக்கிறது. எக்ஸெல் ஷீட்டில் ஒரே கலத்தை மூன்று வருடமாக நிரப்பிக்கொண்டிருப்பவர் சனிக்கிழமை வகுப்புக்கு முதல் ஆளாக வந்து நிற்பது ஏன் என்பது இதனால் புரிகிறது. கம்பெனிகள் இதைக் கொஞ்சம் சங்கடத்தோடு படிக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, பிரசன்டேஷன்களில் வராது. பொருளாதார அறிஞர் ஜான் லிஸ்ட்டும் ஃபாத்தேமே மோமேனியும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குறுகிய கால வேலைக்கு எடுத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். நிறுவனம் நல்ல காரியத்துக்குப் பணம் கொடுக்கிறது என்ற அம்சத்தைச் சிலருக்கு மட்டும் சேர்த்தார்கள். அந்தக் குழுவில் வேலையில் ஏமாற்றுவது கூடியது! "நான்தான் நல்லது செய்யறேனே, இதுல கொஞ்சம் அப்படி இப்படி இருந்தா என்ன" என்ற மனக்கணக்கு. கோயில் உண்டியலில் போட்டுவிட்டு எடைக்கல்லில் கைவைக்கும் கடைக்காரரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கவனிக்க வேண்டியது, இங்கே நல்லது செய்தது நிறுவனத்தின் பணம். ஊழியர் தன் கையால் எதையும் செய்யவில்லை. கன்சல்டிங் நிறுவனத்தில் ஊழியரே இறங்கி வேலை செய்தார். வித்தியாசம் அங்கேதான் என்று எனக்குப் படுகிறது, இரண்டு ஆய்வும் அதை நேரடியாகச் சோதிக்கவில்லை என்றாலும்.

மாணவர் மென்டரிங்கில் லாபம் தேடுபவர்கள் ஐபிஎம் செய்ததைப் பார்க்கலாம். 2011-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பி-டெக் என்ற பள்ளி தொடங்கியது. நம்ம ஊர் பி.டெக் டிகிரி இல்லை, பள்ளியின் பெயரே அப்படி. நகரக் கல்வித்துறை, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், ஐபிஎம் மூன்றும் சேர்ந்த ஏற்பாடு. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவர் ஆறு வருடத்தில் பள்ளிப் படிப்போடு இரண்டாண்டு கல்லூரிப் பட்டத்தையும் முடிக்கலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. ஒவ்வொரு மாணவருக்கும் ஐபிஎம்மிலிருந்து ஒரு மென்டர். முடித்தவர்களுக்கு ஐபிஎம்மின் தொடக்கநிலை வேலைகளில் முன்னுரிமை. 2013-ல் ஒபாமா தன் வருடாந்திர உரையில் இதைக் குறிப்பிட்டு, அதே ஆண்டு பள்ளிக்கும் நேரில் போனார்.

இங்கே கம்பெனியின் கணக்கு வெளிப்படையானது. ஆள் எடுக்கும் நாளில் அரை மணி நேர இன்டர்வியூவில் தெரியாத விஷயம் பல வருடப் பழக்கத்தில் தெரிந்துவிடும். ஆனால் வளர்த்த மாணவர் பக்கத்துக் கம்பெனியில் சேர்ந்தால் தடுக்க முடியாது. அதனால், "எங்களுக்கு ஆள் கிடைக்கும்" என்பதை மட்டும் காரணமாக வைத்துத் தொடங்கும் திட்டத்தை முதல் சிக்கன நடவடிக்கையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இதுவரை கம்பெனியின் பக்கம். மாணவரின் பக்கத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, அதைத் தெரியாமல் இந்தத் திட்டத்தில் யாரும் கைவைக்கக் கூடாது.

அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்று ஒரு பழைய அமைப்பு, சிறுவர்களுக்குப் பெரியவர் ஒருவரைத் துணையாகச் சேர்த்துவிடும். 1995-ல் வெளியான ஆய்வில், எட்டு நகரங்களில் 10 முதல் 16 வயதுள்ள 959 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மென்டர், மறு பாதி காத்திருப்போர் பட்டியலில். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், மென்டர் உள்ள குழுவில் போதைப்பொருள் பழக்கத்தைத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைவு, ஒரு நாள் பள்ளிக்கு மட்டம் போடும் வாய்ப்பு 52 சதவீதம் குறைவு. குலுக்கல் என்பதால் பார்க் வாக்கிங் சிக்கல் இதில் இல்லை.

அதே தரவை ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-ல் திரும்ப எடுத்து, உறவு எவ்வளவு காலம் நீடித்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த இடத்தில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன இடத்தில் பிள்ளைகளின் சுயமதிப்பு கீழே இறங்கியிருந்தது. வந்து பழகிவிட்டு சட்டென்று காணாமல் போகிற பெரியவரைப் பார்த்து "என்கிட்டதான் ஏதோ குறை"ன்னு அந்தப் பிள்ளை முடிவு செய்கிறது.

இப்போது இதை ஒரு ஐடி கம்பெனியின் நாள்காட்டியோடு சேர்த்துப் பாருங்கள். முப்பது மென்டர்கள், வருடத்துக்கு 20 சதவீத ஆட்ரிஷன் என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் ஆறு பேர் ராஜினாமாவாலேயே போய்விடுவார்கள். ஆன்சைட் போகிறவர், பெங்களூருக்கு மாற்றலாகிறவர், ரிலீஸ் நேரத்தில் இரண்டு மாதம் தலையே தூக்க முடியாதவர் எல்லாம் தனி. பெஞ்சில் இருப்பவர்களை அனுப்பினால் இன்னும் மோசம், புராஜெக்ட் கிடைத்த மறுநாளே அவர் வரமாட்டார். கம்பெனியின் அறிக்கையில் "30 மென்டர்கள், 30 மாணவர்கள்" என்ற வரி அப்படியே இருக்கும்.

எந்தப் பிள்ளைக்கு அனுப்புகிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். ஜெர்மனியில் ராக் யுவர் லைஃப் என்ற திட்டத்தில் கல்லூரி மாணவர்கள் பள்ளி மாணவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். அதையும் குலுக்கல் முறையில் ஆராய்ந்தார்கள். பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கணித மதிப்பெண், வேலை பற்றிய தெளிவு எல்லாம் கூடியது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படிப் பலன் தெரியவில்லை. யோசித்தால் ஆச்சரியமில்லை. எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம், ஸ்காலர்ஷிப்புக்கு எப்போது விண்ணப்பிக்கணும், இன்டர்வியூல என்ன கேட்பாங்க என்பதையெல்லாம் பட்டதாரி அப்பா அம்மா சாப்பாட்டு நேரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மென்டர் நிரப்புவது அந்த இடத்தைத்தான். ஆபீஸுக்குப் பக்கம் என்பதற்காக வசதியான தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் போட்டோ நன்றாக வரும்.

நம் நாட்டுச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலும் கடந்த மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஊழியர் தன் நேரத்தைக் கொடுத்தால் அதை ரூபாயாக மாற்றி இந்த 2 சதவீதத்தில் காட்டலாமா? கூடாது. ஊழியர்களை ஈடுபடுத்துவது நல்லது, ஆனால் அந்த உழைப்பைப் பணமாக்கிக் கணக்கில் சேர்க்க முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2016 ஜனவரி சுற்றறிக்கையில் தெளிவாகவே சொல்லிவிட்டது. விதி சரிதான் என்பேன், இல்லாவிட்டால் வைஸ் பிரசிடென்ட் ஒருவர் மரம் நட்ட ஒரு மணி நேரத்துக்கு லட்ச ரூபாய் பில் வரும். ஆனால் விளைவு என்னவென்றால், சிஎஸ்ஆர் பணம் ஒரு வழியில் போகிறது, ஊழியர் நேரம் யாருடைய பட்ஜெட்டிலும் இல்லாமல் வருடத்தில் ஒரு நாள் டி-ஷர்ட் போட்டுக் கொண்டாடுவதில் முடிகிறது.

இத்தனைக்கும் நேரம் பெரிய தடை இல்லை. டிம்பர்லேண்ட் நிறுவனம் 1992-லேயே சம்பளத்தோடு கூடிய தன்னார்வ நேரத்தைத் தொடங்கி, பின்னாளில் வருடத்துக்கு 40 மணி நேரம் வரை உயர்த்தியது. சேல்ஸ்ஃபோர்ஸ் ஏழு நாள் தருகிறது, அதாவது 56 மணி நேரம். வாரம் ஒரு மணி நேரம் என்று பிரித்தால் ஒரு வருடம் முழுக்க ஒரே மாணவரைச் சந்திக்க இது போதும், நான்கு மணி நேரம் மிச்சமும் இருக்கும். அதே 56 மணி நேரத்தை ஏழு தனித்தனி நிகழ்ச்சிகளாகவும் செலவழித்துவிடலாம்.

கம்பெனியில் இதை நடத்தும் இடத்தில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் மூன்று யோசனைகள். அப்ரைசல் முடிந்து ஆட்கள் கிளம்பும் மாதங்களில் புது ஜோடி சேர்க்காதீங்க. பிள்ளைக்கு இரண்டு மென்டர்களாகப் போடுங்க, ஒருவர் போனாலும் தெரிந்த முகம் ஒன்று மிஞ்சும். விலகுகிறவர் நோட்டீஸ் பீரியடிலேயே ஒரு நாள் நேரில் போய், ஏன் போகிறேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அடுத்து வருபவரை அறிமுகம் செய்துவிட்டு வரட்டும். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்குப் படிவம் இருக்கிற மாதிரி இதற்கும் எக்ஸிட் செக்லிஸ்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்.