ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு, எல்லாக் குழந்தைகளும்: உள்ளடக்கிய கல்வியில் ஹெச்.எம். என்ன செய்ய முடியும்?

ராதாபுரம் வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சுற்றிலும் பனை, தூரத்தில் காற்றாலை. 1 முதல் 5 வரை வகுப்புகள், மொத்தம் 38 பிள்ளைகள். ஆசிரியர்கள் ரெண்டே பேர். அதில் ஒருவர்தான் ஹெச்.எம். ஜூன் மாதம் ஒரு தாய் தன் ஆறு வயது மகனோடு வருகிறார். பையனுக்கு ஆட்டிசம். பேச்சு குறைவு. சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவான். "வேற எங்கயும் கொண்டுபோக முடியாது டீச்சர், நீங்கதான் பாத்துக்கிடணும்" என்கிறார் அம்மா.

சேர்க்க முடியாது என்று சொல்ல ஹெச்.எம்.முக்கு உரிமை இல்லை. சரி, சேர்த்தாச்சு. மறுநாள் காலையிலிருந்து அவனை யார் பார்ப்பது? அவன் ஓடினால் பின்னாலேயே ஓடும் டீச்சரின் வகுப்பை யார் பார்ப்பது? ஆறு மாதம் கழித்து அந்த டீச்சர் எப்படி இருப்பார்?

இந்தப் பள்ளி கற்பனைதான். ஆனால், இந்தக் கேள்விகள் தமிழ்நாட்டின் சின்னச் சின்னப் பள்ளிகள் பலவற்றில் நிஜமாகவே இருக்கின்றன. மாற்றுத்திறனாளி குழந்தைகளின் கல்வி பற்றியும் ஆசிரியர்களின் பணிச்சுமை பற்றியும் நாம் தனித்தனியாகப் பேசுகிறோம். பள்ளிக்குள் போய்ப் பார்த்தால் ரெண்டும் ஒரே பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை என்றால் பாளையங்கோட்டைக்கு அனுப்புவார்கள். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் வந்துவிட்டன. பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கும், லீவுக்கு ஊருக்கு வரும். சிறப்புப் பள்ளிகள் இன்றும் தேவைதான். ஆனால், எங்கே படிப்பது என்பதில் சட்டம் இப்போது குழந்தையின் பக்கம் நிற்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுக் குழந்தை, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தான் விரும்பும் இடத்தில் இலவசமாகப் படிக்கலாம். பாகுபாடு இல்லாமல் சேர்ப்பது, கட்டடத்தையும் கழிப்பறையையும் ஏற்றபடி அமைப்பது, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிவது, குழந்தையின் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்துகொடுப்பது எல்லாம் பள்ளியின் கடமை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதும், போதுமான வள மையங்களை அமைப்பதும் அரசின் கடமை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடமை பள்ளிக்கும் அரசுக்கும்தான். 'நல்ல மனசுள்ள ஒரு டீச்சர் பார்த்துக்கொள்வார்' என்று சட்டத்தில் எங்குமே எழுதவில்லை. நடைமுறையில் அந்த ஒரு டீச்சர் தலையில்தான் எல்லாம் விழுகிறது.

சுமை ஏன் ஆசிரியர் மேலேயே விழுகிறது?

கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர். 150 பிள்ளைகளைத் தாண்டினால்தான் 5 ஆசிரியர்களோடு தனியாக ஒரு தலைமையாசிரியர் என்கிறது சட்டத்தின் அட்டவணை. அதாவது, சின்னப் பள்ளியில் ஹெச்.எம். என்பவர் முதலில் வகுப்பாசிரியர். தலைமைப் பொறுப்பு அதற்கு மேல் வரும் கூடுதல் வேலை. எமிஸ் பதிவு, காலை உணவு, மதிய உணவு, வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் படிவங்கள் எல்லாம் அந்தக் கூடுதலுக்குள்தான் அடக்கம்.

கல்வி சாராத வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது இதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் விலக்கு உண்டு. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீடு வீடாகப் போன பி.எல்.ஓ.க்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். அதையடுத்து 2027 மார்ச் 1-ஐ அடிப்படையாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வெளியே போனால், மீதி ஒருவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். அந்த நாளில் நம் கற்பனைப் பள்ளியின் ஆறு வயதுப் பையன் என்ன ஆவான் என்று யோசித்துப் பாருங்கள்.

இதோடு 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணிக்காலம் 5 ஆண்டுகளுக்கு மேல் மீதமிருக்கும் ஆசிரியர்கள், ஏற்கெனவே பணியில் இருந்தாலும், 2 ஆண்டுக்குள் டெட் தேர்வில் தேற வேண்டும் என்றது அது. இருபது வருஷமாகப் பாடம் நடத்தியவர் ராத்திரியில் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நிலை.

சிறப்புப் பயிற்றுநர் எங்கே?

ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு கணக்குச் சொன்னது. தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறனாளி குழந்தைகளுக்கு ஒரு சிறப்புப் பயிற்றுநர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். பணியிடங்களை அறிவித்து நிரப்பும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவு போட்டது.

கணக்கு சரிதான். ஆனால் கிராமத்தில் அந்தப் பத்துக் குழந்தைகள் ஒரே பள்ளியில் இருப்பதில்லை. இங்கே ஒன்று, அங்கே ரெண்டு என்று சிதறியிருப்பார்கள். அதனால் வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் பள்ளி பள்ளியாகப் போய் வருகிறார். வீட்டிலேயே பயிற்சி பெறும் குழந்தைகளையும் அவர்தான் பார்க்க வேண்டும். கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் ஒரு நாள், உள்ளே பணகுடிப் பக்கம் ஒரு நாள் என்று ஒருவர் சுற்றினால் ஒரு பள்ளிக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்?

இவர்களில் பலர் சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொகுப்பூதியம் வாங்குபவர்கள். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதியை மத்திய அரசு நிறுத்தியது. 2,291 கோடி ரூபாய் கேட்டு 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே நடக்கும் இந்தச் சண்டையில், நிதி நின்றால் முதலில் ஆட்டம் காண்பது இப்படித் தொகுப்பூதியத்தில் இருப்பவர்களின் வேலைதான்.

ஆசிரியர் நலம் என்றால் யோகா வகுப்பா?

'பர்ன் அவுட்' என்ற சொல்லை இப்போது எல்லோரும் பயன்படுத்துகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆவது பதிப்பில் அதற்கு விளக்கம் தந்தது. சமாளிக்கப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவு அது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், 'நான் செய்வதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை' என்ற நினைப்பு. அது ஒரு நோய் அல்ல, பணியிடத்தோடு சேர்ந்த நிகழ்வு என்றும் அந்த நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது.

அப்படியென்றால் மருந்தும் பணியிடத்தில்தான் இருக்க வேண்டும். ஆசிரியரை ஒரு நாள் மன அழுத்தப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் அதே கால அட்டவணையைக் கையில் கொடுத்தால் ஒன்றும் மாறாது. மனம் விலகிப்போன டீச்சரால் மற்ற பிள்ளைகளுக்கு எப்படியோ பாடம் நடத்திவிட முடியும். மெதுவாகப் பேசும், திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளையிடம்தான் பொறுமை முதலில் தீரும். டீச்சர் சோர்ந்தால் முதலில் கைவிடப்படுவது அந்தப் பிள்ளைதான்.

ஹெச்.எம். நாளைக்கே செய்யக்கூடியவை

குழந்தையை ஒரே டீச்சர் பொறுப்பில் விடாதீர்கள். அவன் ஒன்றாம் வகுப்புதான், ஆனாலும் பள்ளி முழுவதற்கும் அவன் பொறுப்பு. காலையில் ஒருவர், மதியம் ஒருவர் என்று அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். கஷ்டமான அரை மணி நேரத்துக்குப் பிறகு அந்த டீச்சருக்குப் பத்து நிமிஷம் மூச்சுவிட இடம் கொடுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள். எது அவனைப் பதற வைக்கும், எது அமைதியாக்கும், கழிப்பறை போகணும்னா எப்படிக் காட்டுவான், வலிப்பு உண்டா, வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும். அம்மாவிடம் கேட்டு எழுதினால் ஒரு மணி நேர வேலை. டீச்சர் லீவு போட்ட நாளில் மாற்றுப் பணிக்கு வருபவர் தடுமாறாமல் இருப்பார். லீவு போட்டவரும் நிம்மதியாக இருப்பார்.

'எண்ணும் எழுத்தும்' முறையைச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். 2022-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் படிக்கிறார்கள். எல்லோரும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதை வகுப்பறை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. மாற்றுத்திறனாளி குழந்தைக்குத் தனியாக ஒரு பாடத்திட்டம் எழுதி மாளாமல், இதே ஏணியில் இன்னும் சின்னப் படிகளை வைக்கலாம்.

சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளைச் சரியாகப் பயன்படுத்துங்கள். அவர் குழந்தையை மூலையில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த வருகை வரை பள்ளிக்கு மிச்சம் ஒன்றுமில்லை. டீச்சர்களும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். கேட்க வேண்டியதை முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தயாரிப்பு நேரத்தைத் திருடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் வாரத்துக்கு 45 மணி நேரத்தில் பாடத் தயாரிப்பும் அடக்கம். அது சட்டப்படியே பணி நேரம். ராத்திரி 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் "உடனே அனுப்பவும்" என்று மேலிருந்து வருவதை அப்படியே குரூப்பில் தள்ளிவிடாமல், காலையில் ஒரே தடவையாகச் சொன்னால் போதும். எல்லாமே தலைபோகிற காரியம் இல்லை.

ஹெச்.எம். தனியாகச் செய்ய முடியாதவை

சாய்தளம், ஏற்ற கழிப்பறை, காலிப் பணியிடம், உதவியாளர். இதெல்லாம் ஹெச்.எம். கையில் இல்லை. குழந்தைக்கு உடை மாற்றுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது போன்ற உதவிக்கு ஆள் இல்லாததால் டீச்சர்கள் செய்கிறார்கள், இல்லையென்றால் அம்மா வேலைக்குப் போகாமல் பள்ளி வாசலில் உட்கார்ந்திருக்கிறார். இந்த ரெண்டையும் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டோம்' என்று விட்டுவிட்டால், பிரச்சினை இருந்ததற்கான தடயமே இருக்காது.

அதனால் எழுத வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டு, கையெழுத்திட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்ப வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று ராதாபுரத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் இந்தத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்ட 203 தபால் ஓட்டுகளை, அவர் கெசட்டட் அதிகாரி இல்லை என்று நிராகரித்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், சான்றொப்பமிட அவருக்குத் தகுதி உண்டு என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. மறு எண்ணிக்கை முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது தனிக் கதை. ஒரு தொகுதியின் முடிவையே அசைத்துப் பார்த்த கையெழுத்து, ஒரு கழிப்பறைக்காகவும் மேலே போகலாம்.

தனித்து நின்று சமாளிக்க முடியாது என்பதற்கு இந்தப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ்.ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம். கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில் அவர் தொடங்கிய அமைப்பு அது. அங்கே மாற்றுத்திறனாளி குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளியும் இருக்கிறது. ஆசிரியர், இயன்முறை சிகிச்சையாளர், சமூகப் பணியாளர், பெற்றோர் என்று பலர் சேர்ந்து ஒரு குழந்தையைத் தூக்குகிறார்கள். ஈராசிரியர் அரசுப் பள்ளிக்கு அந்த வசதி கிடையாது. ஆனால், குறுவள மையக் கூட்டத்தில் நாலைந்து பள்ளி ஹெச்.எம்.கள் அரை மணி நேரம் ஒதுக்கி, 'எங்க பள்ளியில இப்படி ஒரு பிள்ளை, நாங்க இதைச் செஞ்சு பாத்தோம்' என்று பேசிக்கொள்வதற்குப் பணம் தேவையில்லை. டீச்சர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹெச்.எம்.மையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

பெற்றோர் கவனத்துக்கு

கடுமையான குறைபாடு உள்ள குழந்தைக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் வாய்ப்பு 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் வந்தது. அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் பக்கம்தான். 'பள்ளியில சமாளிக்க முடியல, வீட்டுலயே வச்சுக்கோங்க' என்று யாரும் உங்களைத் தள்ள முடியாது. அதே நேரம், டீச்சர் களைத்துப்போய் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னால் அவரை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள்: சிறப்புப் பயிற்றுநர் போன மாதம் எத்தனை நாள் வந்தார்? ஒரு டீச்சர் லீவு போட்டால் மாற்று ஏற்பாடு என்ன? போன தடவை போட்ட தீர்மானத்துக்குப் பதில் வந்ததா?

ஆசிரியர்களுக்கும் ஒரு தகவல். மனம் ரொம்பவே சோர்ந்துபோனால், தூக்கம் கெட்டால், டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். கூப்பிடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஃபோன் காலோடு பள்ளியின் கால அட்டவணையும் மாற வேண்டும். அதை மாற்றும் பேனா ஹெச்.எம். கையில் இருக்கிறது, அதற்குத் தேவையான ஆட்களைத் தரும் பொறுப்பு அரசின் கையில் இருக்கிறது.