நெய்வேலியில் தொழிலாளர் கூட்டுறவு

நெய்வேலி என்றவுடன் நம் அங்கத்தினர்களுக்குச் சுரங்கமும் மின்சாரமும் நினைவுக்கு வரும். குறிஞ்சிப்பாடி நெசவாளருக்கு அது பக்கத்து ஊர். சுற்றுப்புற விவசாயிக்கோ, தம் உறவினர் நிலம் கொடுத்த ஊர். 1956 நவம்பரில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் பண்டித நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. இவ்வளவும் யாவரும் அறிந்ததே. நாம் இங்கே கூற வந்தது அந்நகரில் நிரந்தர வேலையின்றி உழைப்பவரைப் பற்றியது.

நகரம் வட்டம் வட்டமாக வகுத்துக் கட்டப்பட்டது. அகன்ற சாலைகள், மரங்கள், வீடுகள், பள்ளிகள், மருத்துவமனை ஆகிய யாவும் அங்கு உண்டு. நிரந்தரத் தொழிலாளிக்கு நிறுவனமே குடியிருப்பு தருகிறது. அவ்வட்டங்களின் ஓரத்தில் வேறு குடியிருப்புகளும் எழுந்தன. ஒன்றின் பெயர் திடீர்க் குப்பம். அது எவ்வாறு உண்டாயிற்று என்பதற்கு வேறு சரித்திரம் வேண்டியதில்லை. சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் செல்வோர் பலர் இத்தகைய இடங்களிலும் அண்டைக் கிராமங்களிலும் வசிக்கின்றனர்.

இவர்களுடைய குறை கூலி குறைவு என்பது மட்டுமன்று. ஒப்பந்தம் வேறொருவர் கைக்கு மாறும்போது, 10 வருஷம் உழைத்தவரும் நேற்று வந்தவரும் ஒன்றாகி விடுகின்றனர். நாளை வேலை உண்டா என்று அறியாதவர் மனை வாங்கத் துணிவாரா? மகளின் படிப்பைப் பற்றித்தான் என்ன உறுதி சொல்வார்? வியாபாரியிடம் நூல் பெற்று, அவர் சொன்ன கூலிக்கு நெய்த காலத்தை மறவாத நம் நெசவாளர் இதனை எளிதில் உணர்வர்.

இதற்குப் பரிகாரமாக அங்கு ஏற்பட்டதே தொழிற் கூட்டுறவுச் சேவைச் சங்கம். 'இன்கோசர்வ்' என்ற சுருக்கப் பெயரே வழக்கில் உள்ளது. (1965இல் தோன்றிய நீலகிரித் தேயிலை விவசாயிகளின் இணையமும் இப்பெயர் கொண்டதே, அது வேறு, இது வேறு.) நிறுவனத்துக்கு வேண்டிய வேலைகளுக்குச் சங்கம் தன் அங்கத்தினரை அனுப்புகிறது. நடுவில் நின்று லாபம் எடுக்கும் ஒப்பந்தக்காரர் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் பணிமூப்பின்படி சங்கத்தில் சேர்க்கப்படுகின்றனர்; அங்கிருந்து நிரந்தர வேலைக்கும் எடுக்கப்படுகின்றனர்.

பெரிய காரியமே. ஆயினும் வரிசை நீளமானது. 2014 செப்டம்பரில் ஒப்பந்தத் தொழிலாளர் பணி நிரந்தரம் கோரித் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீடித்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியபோதும், நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு நிரந்தர வேலை வேண்டும் என்ற குரல் மீண்டும் எழுந்தது.

நமக்குத் தோன்றுவதைச் சொல்லி விடுகின்றோம். நெய்வேலியில் சங்கம், நிரந்தர வேலைக்குப் போகும் வழியிலுள்ள சத்திரம் போல் ஆகிவிட்டது. சத்திரத்தில் தங்குபவர் அதன் கூரையைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை.

கேரளத்தில் வடகரைக்கு அருகே ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் வேறு வழியில் சென்றது. சீர்திருத்தவாதி வாக்படானந்தரைப் பின்பற்றியதால் வேலை மறுக்கப்பட்டவர்கள், 1925இல் 14 பேராகக் கூடிச் சில அணாக்களே மூலதனமாக அதனைத் தொடங்கினர். அங்கே கூலி வேலை செய்பவரே பங்குதாரர். நிர்வாகக் குழுவையும் அவர்களே தம்முள் தேர்ந்தெடுக்கின்றனர். சாலைகளும் பாலங்களும் கட்டி வளர்ந்த அச்சங்கம் 2025இல் நூறாண்டு கண்டது.

ஊராளுங்கலுக்கு வேலை தருபவர் பலர்; நெய்வேலிச் சங்கத்துக்கோ ஒருவரே என்பதை நாம் மறுக்கவில்லை. ஒரே வாங்குபவரை நம்பி நெய்த நெசவாளர் சங்கங்கள் பட்ட பாடும் நமக்குத் தெரியும். நெய்வேலிச் சங்கம் நகருக்கு வெளியேயும் வேலை எடுத்து நடத்தலாகாதா? அடுத்த பொதுக்குழுவில் அங்குள்ள அங்கத்தினரே எழுந்து கேட்கட்டும்.