கைவேலைக்குப் பின் கார் ரேஸ் ஆகிறதா? முதலில் ஹோஸைப் பாருங்கள்

ஏர் ஃபில்டர் மாற்றுவது, திராட்டில் பாடியைச் சுத்தம் செய்வது, ஸ்பார்க் பிளக் மாற்றுவது போன்ற வேலைகளை இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளே செய்துகொள்கிறார்கள். கூலி மிச்சமாவது நல்லதுதான். ஆனால் மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்தால் சில கார்கள் தானாக ரேஸ் ஆகின்றன, ஐட்லிங்கில் குலுங்குகின்றன, நின்ற இடத்தில் ஆஃப் ஆகின்றன. உடனே "சென்சார் போய்விட்டது" என்று யாராவது சொல்ல, ஆயிரக்கணக்கில் செலவாகிறது. பல நேரங்களில் கோளாறு ஒரு ரப்பர் ஹோஸில்தான் இருக்கும். பெட்ரோல் கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம்.

ஐட்லிங்கில் திராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியே இருக்கும். பிஸ்டன்கள் இழுக்க இழுக்க, வால்வுக்கு உட்புறமுள்ள இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் குறைந்து ஓர் உறிஞ்சும் விசை உண்டாகிறது. இதுவே வேக்குவம். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். வழியில் ஓர் இடுக்கு இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. காற்றின் அளவை அளக்கும் சென்சார் உள்ள கார்களில் கலவையில் பெட்ரோல் குறைந்து மிஸ்ஸிங் வரும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் கார்களில் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கூட்டிக் கொடுப்பதால் ஐட்லிங் ஏறிவிடும்.

வேறெதையும் பார்க்குமுன் பிரேக்கைச் சோதியுங்கள். பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டர் பெரும்பாலும் இதே வேக்குவத்தில்தான் வேலை செய்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள், அது கெட்டியாகிவிடும். காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் காரை வெளியே எடுக்காதீர்கள். பிரேக் பிடிக்கும், ஆனால் காலில் பல மடங்கு பலம் வேண்டும். அவசரத்தில் பெரியவர்களாலும் பெண்களாலும் அப்படி மிதிக்க முடியாமல் போகலாம்.

அடுத்து, நீங்கள் கை வைத்த இடத்துக்கே திரும்பிப் போங்கள். நேற்றுவரை நன்றாக ஓடிய கார் இன்று கெட்டது என்றால், நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே கழற்றியது எதுவோ அதில்தான் சந்தேகம். வால்வு கவரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் சிறிய ஹோஸ் சூட்டில் காய்ந்து விறைத்திருக்கும். இழுத்துக் கழற்றும்போது அடிப்பக்கம் விரிசல் விடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரலால் தடவிப் பாருங்கள். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருக்கலாம். சென்சாரின் ஓ-ரிங் மடங்கியிருக்கலாம். ரப்பர் குழாயின் கிளிப் பள்ளத்தில் உட்காராமல் இருக்கலாம். ஆயில் டிப்ஸ்டிக் சரியாக உட்காராததும்கூட சில கார்களில் இதே தொல்லையைத் தரும்.

கண்ணுக்குப் படாவிட்டால் காதால் தேடலாம். எஞ்சின் ஓடும்போது ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை இணைப்பு இணைப்பாக நகர்த்தினால் 'ஸ்ஸ்' என்ற சத்தம் பிடிபடும். ஜிப்பாக் கை, தோள் துண்டு எதுவும் ஃபேன், பெல்ட் பக்கம் போகக் கூடாது. சந்தேகமான இணைப்பில் கொஞ்சம் தண்ணீரை ஸ்பிரே செய்தால், அது இடுக்கை அடைக்கும் நொடியில் ஐட்லிங் மாறும். காயிலிலும் ஒயரிலும் தண்ணீர் படக் கூடாது. கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ அடித்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. சூடான சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும். வீட்டு வாசலில் அந்த வேலையே வேண்டாம்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் ஃபியூயல் டிரிம் எண்ணைப் பாருங்கள். ஐட்லிங்கில் பிளஸ் 20 போல உயர்ந்து, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் வேக்குவம் லீக்காக இருக்கலாம். வேகம் கூடக்கூட எண்ணும் கூடினால் பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டரைக் கவனிக்க வேண்டும். பி0171 என்ற கோடு கலவையில் பெட்ரோல் குறைவு என்று மட்டுமே சொல்லும். எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. அழுத்தத்தை அளக்கும் கார்களில் இந்த எண் அவ்வளவாக மாறாமலும் இருக்கும்.

ரேஸ் ஆவதெல்லாம் லீக் அல்ல. அழுக்குப் படிந்த திராட்டிலுக்குப் பழகிய கம்ப்யூட்டர், சுத்தம் செய்த பிறகும் பழைய அளவிலேயே அதைத் திறந்து வைக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் ஐட்லிங் சில நேரம் தடுமாறும். சில கார்கள் கொஞ்சம் ஓடியதும் தானே சரியாகும். சிலவற்றுக்கு ஸ்கேனரில் ரீசெட் செய்ய வேண்டும்.

இவ்வளவுக்கும் பிடிபடாவிட்டால் ஸ்மோக் டெஸ்ட் வசதியுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். மேனிஃபோல்டுக்குள் மெல்லிய அழுத்தத்தில் புகை செலுத்தினால் ஓட்டை உள்ள இடத்தில் அது வெளியே வரும். மெக்கானிக்கிடம் வீட்டில் எதை எதைக் கழற்றினோம் என்பதை ஒன்று விடாமல் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், அவர் தேடும் நேரத்துக்கும் நீங்கள்தான் கூலி கொடுக்க வேண்டிவரும்.