சொகுசு கார், செகண்ட்ஸ் விலை – 9: மிதியை எண்ணும் பம்ப்

திருப்பிவைத்த மீட்டரை சர்வீஸ் ரசீதுகள் காட்டிக்கொடுக்கும் என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்று சொல்லியிருந்தேன். அதற்காகப் படிக்க உட்கார்ந்தவனை ஒரு பிரேக் பம்ப் பிடித்துக்கொண்டது.

2002-ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் இ-கிளாஸ், டபிள்யூ211. புது ஹேட்ச்பேக்கைவிடக் குறைந்த விலைக்கு பெங்களூரில் கிடைக்கிறது. “டாக்டர் வண்டி சார், ஷெட்லயேதான் நின்னுச்சு” என்பார் தரகர். 2006-க்கு முந்தைய வண்டி என்றால், விலை பேசும் முன் பிரேக்கைப் பற்றிக் கேளுங்கள்.

அந்த வண்டிகளில் இருப்பது ‘எஸ்.பி.சி.’ பிரேக். உங்கள் கால்விசை நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. எவ்வளவு பலமாக, எவ்வளவு வேகமாக மிதித்தீர்கள் என்று சென்சார்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மின்பம்ப் சேர்த்துவைத்த அழுத்தத்தை அது நான்கு சக்கரங்களுக்கும் பங்கிடும்.

அதோடு, ஒவ்வொரு மிதியையும் எண்ணிக்கொண்டே வருகிறது! ஏறத்தாழ 3 லட்சம் மிதி ஆனதும், பிரேக் நன்றாகப் பிடித்தாலும், பம்ப் யூனிட்டை மாற்றச் சொல்லி டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். யூனிட் பழுதானால் பிரேக் அடியோடு போய்விடாது. கால்விசை முன்சக்கரங்களுக்கு மட்டும் போகும்; மிதி ஆழமாக இறங்கும்; வண்டி நிற்கக் கூடுதல் தூரம் பிடிக்கும். 2004 மே மாதம் இந்த பிரேக்குக்காகவே 6,80,000 வண்டிகளை பென்ஸ் திரும்ப அழைத்தது. 2006-ல் இ-கிளாஸை மாற்றியமைத்தபோது பழைய ஹைட்ராலிக் பிரேக்குக்கே திரும்பிவிட்டது.

இதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை. மீட்டர் தூரத்தை எண்ணுகிறது. இந்தப் பம்ப், வண்டி பட்ட பாட்டை எண்ணுகிறது. கிலோமீட்டருக்கு ஒரு மிதி என்றால் 3 லட்சம் கிலோமீட்டர் தாங்கும். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் கிலோமீட்டருக்கு ஆறு மிதி என்றால் 50,000-த்திலேயே கணக்கு முடிந்தது. ‘குறைவாக ஓடிய நகரத்து வண்டி’ என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கிறோமே, அது நியாயமே இல்லை. தர்மபுரி–சேலம் நாற்கர சாலையில் ஓடித் தேய்ந்த வண்டியைத்தான் நான் எடுப்பேன்.

ஆனால் அந்தச் சாலையிலேதான் தொப்பூர் கணவாயும் இருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளால் அங்கே எத்தனை உயிர் போயிருக்கிறது! இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வண்டியைப் பிடிப்பவருக்கு மிதியும் மிச்சம், உயிரும் மிச்சம். எண்ணிக்கை தெரியாத எஸ்.பி.சி. வண்டியை டெஸ்ட் டிரைவ் என்று தொப்பூரில் இறக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

எண்ணிக்கையைப் பார்க்க சாதாரண ஸ்கேனர் போதாது. பென்ஸின் ‘ஸ்டார் டயக்னாசிஸ்’ கருவி வைத்திருக்கும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள்; செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும். விற்பவர் தயங்கினால் திரும்பி வந்துவிடலாம். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலும் துள்ளாதீர்கள். பம்பை மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் பூஜ்யமாக்கித் தருபவர்களும் இருக்கிறார்கள். பம்ப் மாற்றிய ரசீது, அதிலுள்ள தேதி, அன்றைய மீட்டர் அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கர்நாடகப் பதிவு வண்டி என்றால் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டில் கட்டவேண்டிய ஆயுள் வரி இரண்டையும் வண்டி விலையோடு சேர்த்தே கூட்டுங்கள்.

கியர்பாக்ஸ் அடுத்த வாரம். இதே காரின் ஐந்து கியர் பெட்டியில் ஒரு சின்ன மின் இணைப்பு உண்டு. அது கசிந்தால் எண்ணெய் ஒயர் வழியாகவே ஏறி கம்ப்யூட்டர் வரை போய்விடும். அதைப் படிக்கும் வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.