கடலுக்கடியில் சத்தம்தான் எதிரி

உடுமலையிலிருந்து எந்தத் திசையில் போனாலும் நூறு கிலோமீட்டருக்குள் கடல் கிடையாது. ஆனால் பக்கத்திலுள்ள அமராவதி நகர் சைனிக் பள்ளி 1962இலிருந்து முப்படைகளுக்கும் அதிகாரிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அங்கே படிக்கும் யாருக்காவது நீர்மூழ்கிக் கப்பல் ஆசை இருந்தால், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஐ.என்.எஸ். சக்ராவின் கதை.

1988 ஜனவரியில் விளாடிவாஸ்டாக்கில், கே-43 என்ற சோவியத் அணுசக்தி நீர்மூழ்கியில் இந்தியக் கொடி ஏறி, அது ஐ.என்.எஸ். சக்ரா ஆனது. மூன்று வருடக் குத்தகை. கேப்டன் ஆர்.என். கணேஷ். பிப்ரவரியில் அது இந்தியா வந்தபோது பிரதமர் ராஜீவ் காந்தியே வரவேற்றார். டீசல் நீர்மூழ்கி, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற மேலே வந்து காற்று வாங்கியாக வேண்டும். அணு உலை இருந்தால் சாப்பாடு தீரும்வரை அடியிலேயே கிடக்கலாம்.

அந்த வசதிக்கு சோவியத் கொடுத்த விலை அதிகம். அமெரிக்காவின் நாட்டிலஸ் நீர்மூழ்கி 1955இலேயே அணுசக்தியில் ஓடிவிட்டது. பின்தங்கிய சோவியத் அவசரப்பட்டது. 1958 ஜூலையில் கே-3 அணுசக்தியில் ஓடியது, 1962இல் வடதுருவத்துக்கே போனது. 1967இல் அதே கப்பலில் தீப்பிடித்து 39 பேர் செத்தார்கள். அடுத்து வேகப் பைத்தியம். டைட்டானியத்தில் கட்டிய கே-162, 1970இல் 44.7 நாட், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் காட்டியது. ஓடும்போது போட்ட இரைச்சலில் அது வருவது வெகுதூரத்துக்குக் கேட்டிருக்கும்.

ஸ்பின்னிங் மில்லில் பழம் தின்று கொட்டை போட்ட ஃபிட்டர், மெஷின் பக்கத்தில் போகாமலே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் சோனார் கருவியில் உட்கார்ந்திருப்பவரின் வேலையும் அதுதான். பல்சக்கரம், டர்பைன், புரொப்பெல்லர் எல்லாமே கத்தும். கப்பல் சும்மா நின்றாலும் உலையைக் குளிர்விக்கும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும்.

தங்கள் கப்பல்கள் எவ்வளவு சத்தம் போடுகின்றன என்பது சோவியத்துக்கு உறைத்ததில், ரகசியங்களை விற்ற அமெரிக்கக் கடற்படைக்காரர் ஜான் வாக்கருக்குப் பெரிய பங்கு உண்டு என்பார்கள். பிறகு ஜப்பானின் தோஷிபா குழும நிறுவனம் ஒன்று, புரொப்பெல்லர் இழைக்கும் கணினி இயந்திரங்களை ஏற்றுமதித் தடையை மீறி சோவியத்துக்கு விற்றது. 1987இல் விஷயம் வெடித்தபோது அமெரிக்க எம்.பி.க்கள் நாடாளுமன்ற வாசலில் தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். நல்ல வேடிக்கை. ஆனால் சோவியத் கப்பல்களின் சத்தம் அந்த விற்பனைக்குச் சில வருடங்கள் முன்பே, விக்டர்-3 ரகத்திலேயே குறைய ஆரம்பித்துவிட்டது.

நமக்கு வந்த சக்ரா 1967இல் பணியில் சேர்ந்த பழைய ரகம். அதை ஆயுதமாகப் பார்த்தால் நஷ்டக் கணக்குதான். நமக்குக் கிடைத்த லாபம், உலையோடு கடலில் குடித்தனம் செய்யப் பழகிய ஆட்கள். கணேஷே பின்னாளில் நம் அணு நீர்மூழ்கித் திட்டத்தின் தலைவரானார். அந்தத் திட்டத்துக்கான மாதிரி உலை கல்பாக்கத்தில் தரையிலேயே கட்டி ஓட்டிப் பார்க்கப்பட்டது. 2009 ஜூலையில் விசாகப்பட்டினத்தில் அந்தத் திட்டத்தில் உருவான அரிஹந்த் தண்ணீரில் இறங்கிய விழாவில் மன்மோகன் சிங் ரஷ்யாவுக்கு நன்றி சொன்னார்.

இரண்டாவது சக்ராவும் வாடகைதான். 2008இல் ரஷ்யச் சோதனை ஓட்டத்தின்போது தீயணைப்பு வாயு கசிந்து 20 பேரைக் கொன்ற அதே நெர்ப்பா கப்பல்தான் 2012இல் சக்ராவாக நம்மிடம் வந்து 2021இல் திரும்பிப் போனது. மூன்றாவதுக்கு 2019இல் 300 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டார்கள். சொன்ன தேதி தள்ளிப்போய்விட்டது. சொந்தமாக இரண்டு அணுசக்தித் தாக்குதல் நீர்மூழ்கிகள் கட்ட மத்திய அமைச்சரவைக் குழு 2024 அக்டோபரில்தான் ஒப்புதல் கொடுத்தது.