திர்ஹமைப் பெருக்கும் முன்

துபையில் மாதம் ஆறாயிரம் திர்ஹம் என்றால் நம்மூர்க் கணக்கில் எவ்வளவு? சிந்தாதிரிப்பேட்டை இல்லங்களில் இந்தப் பெருக்கல் ஓயாமல் நடக்கிறது. கணவர் அங்கும் மனைவி மக்கள் இங்குமாக இருக்கும்வரை அது சரியான கணக்குதான். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டப்பட்டிருப்பதால், டாலருக்கு எதிரே ரூபாய் சரியும்போதெல்லாம் ஊருக்கு வரும் பணம் கூடுகிறது. குடும்பமே அங்கு குடியேறிவிட்டால், திர்ஹமில் வாங்கித் திர்ஹமிலேயே செலவழிப்பவருக்கு அந்த ஆதாயம் இல்லை.

தனியாளாக இருப்பவர் தேராவில் ஓர் அறையைப் பலரோடு பகிர்ந்து, ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்து நாளைக் கடத்திவிடுவார். குடும்பம் வந்தால் தனிவீடு வேண்டும். ஆண்டு வாடகையைச் சில காசோலைகளாக முன்கூட்டியே எழுதித் தரும் வழக்கம் அங்கு பரவலாக உண்டு. அவ்வாடகையில் 5 விழுக்காடு, வீட்டுக் கட்டணம் என்ற பெயரில் மின்சாரப் பட்டியலோடு மாதந்தோறும் வந்து சேரும். சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பது உண்மையே. ஆயினும் 2018 முதல் வாங்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு 5 விழுக்காடு வரி உண்டு. இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டாலும், பலரைத் திகைக்க வைப்பது பள்ளிக் கட்டணந்தான். நம் பிள்ளைகளுக்கு அங்கு தனியார் பள்ளிகளே கதி. இரண்டு பிள்ளைகள் என்றால் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும்.

இங்கோ அரசுப் பள்ளியில் பாடநூலும் மதிய உணவும் விலையின்றிக் கிடைக்கின்றன. 2011 முதல் நியாயவிலைக் கடை அரிசிக்கு விலையில்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. மீன் சந்தையும் பறக்கும் ரயில் நிலையமும் பேட்டைக்குள்ளேயே இருக்கின்றன. அதற்காகக் கூவத்தின் நாற்றத்தையும், 2019 கோடையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றதையும் மறைப்பானேன்? துபைக் குழாயில் கடல்நீரைக் குடிநீராக்கி விடாமல் தருகிறார்கள்.

1734-ல் கவர்னர் பிட் இப்பேட்டையை உண்டாக்கியபோது நெசவாளரைக் குடும்பத்தோடுதான் குடியேற்றினார். தறியும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. இன்று பல பிள்ளைகளுக்கு வாப்பா என்பவர் தொலைபேசியில் ஒரு குரல். இந்த இழப்பை எந்த நாணயத்தில் எழுதுவது? என் கருத்தில், பள்ளிக் கட்டணம் கட்ட முடிந்தவர்கள், மிச்சம் குறைந்தாலும் சேர்ந்தே வாழட்டும்.

ஆனால் சகோதரிகளே, புறப்படும் முன் பள்ளிக் கட்டணப் பட்டியலை வரவழைத்துப் பாருங்கள். இங்குள்ள வாடகை வீட்டைக் காலி செய்தால், திரும்பி வரும்போது அதே வாடகைக்கு அதே தெருவில் வீடு கிடைப்பது அரிது. அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.